ஒட்டுப் போட்டவர் யார், ஏன் போட்டார்? லினக்ஸ் கெர்னல் திருத்தங்களின் பதிவேட்டு வரலாறு



வரலாற்று வகுப்பில் ஒரு மூலச் சான்றைக் கையில் கொடுத்ததும் நாம் கேட்கச் சொல்லும் கேள்விகள் நான்கு. எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? யாருக்காக எழுதினார்? ஏன் எழுதினார்? ஜப்பானிய ஆட்சிக்கால அறிவிப்பானாலும் சரி, 1950களின் தமிழ் முரசுச் செய்தியானாலும் சரி, இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடை எழுத முடியாது. இந்தக் கட்டுரையில் அதே நான்கு கேள்விகளைப் பாடநூலில் இல்லாத ஒரு வகைச் சான்றிடம் கேட்கப் போகிறோம்.

2021 இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைக்க நம் கல்வி அமைச்சு ஏற்பாடு செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சாதனம் குரோம்புக்காக இருந்தால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அதேதான். தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் சிம் லிம் டவர் பக்கம் மின்னணுப் பிரியர்கள் தேடி வாங்கும் சின்னக் கணினிப் பலகைகள் பலவற்றிலும் அதுதான். அந்தக் கெர்னலில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. யார் செய்தார், எந்த நாளில், என்ன காரணத்துக்காக என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பழக்கம் எப்படி வந்தது, அது இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதே இங்கே பேசும் வரலாறு.

1. கெர்னல், ஒட்டு, டிஸ்ட்ரோ: மூன்று சொற்கள்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. நினைவகம், திரை, விசைப்பலகை, இணைய இணைப்பு ஆகிய எல்லாவற்றையும் மற்றச் செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. அதில் ஓட்டை விழுந்தால் மேலே எத்தனை பூட்டுப் போட்டாலும் பயனில்லை.

பேட்ச் என்பதைத் தமிழில் ஒட்டு என்கிறோம். ஒட்டுப் போட்ட சட்டை என்று சொல்கிறோமே, அதே ஒட்டுதான். துளை அட்டையிலும் காகித நாடாவிலும் நிரல் எழுதிய காலத்தில், பிழையான துண்டை வெட்டிவிட்டு மேலே வேறு துண்டை உண்மையாகவே ஒட்டினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இன்று ஒட்டு என்பது ஒரு சிறிய உரைக் கோப்பு. எந்தக் கோப்பில் எந்த வரி நீக்கப்பட்டது, அதன் இடத்தில் எந்த வரி வந்தது என்று அது சொல்லும். நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அவ்வளவுதான்.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், பிறகு மற்ற நூல்களைப் பதிப்பித்தபோதும், பல ஏடுகளை ஒப்பிட்டார். வேறுபட்ட பாடங்களைக் குறித்துவைத்தார். அந்தப் பாடபேதக் குறிப்பு இருப்பதால்தான் பின்னால் வந்தவர்களால் அவருடைய முடிவைச் சோதிக்க முடிந்தது. கணினி ஒட்டும் ஒரு வகைப் பாடபேதக் குறிப்புதான்.

மூன்றாவது சொல் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ட்ரோ. கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கணினியை ஓட்ட முடியாது. கெர்னலோடு ஆயிரக்கணக்கான செயலிகளைச் சேர்த்துக் கட்டி, நிறுவக்கூடிய வடிவில் தருபவர்களே டிஸ்ட்ரோக்கள். டெபியன், ரெட் ஹேட், சூசே, உபுண்டு ஆகியவை அறிந்த பெயர்கள். ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் மூலக் கெர்னலை எடுத்து, தனக்கு வேண்டிய ஒட்டுகளை அதன்மேல் போடுகிறது. அதனால் ஒரே எண் கொண்ட கெர்னல் இரண்டு டிஸ்ட்ரோவில் இரண்டு விதமாக இருக்கும். எங்கே என்ன வேறுபாடு என்று யாராவது கணக்கு வைத்தாக வேண்டும்.

2. கையால் ஒட்டிய காலம், 1991 முதல் 2002 வரை

1991 ஆகஸ்ட் 25 ஆம் தேதி, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். செப்டம்பரில் வந்த 0.01 பதிப்பில் சுமார் 10,000 வரிகள். 1994 மார்ச்சில் வந்த 1.0 பதிப்பில் 1,76,250 வரிகள். இன்று அது 3 கோடி வரிக்கு மேல்.

இந்த வளர்ச்சிக்கு ஒட்டுகள்தான் வழி. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைச் சொல்லும் டிஃப் என்னும் கருவி 1974 இல் யூனிக்ஸில் வந்துவிட்டது. அந்த வேறுபாட்டை எடுத்து இன்னொருவரின் பிரதியில் தானாகவே ஒட்டும் பேட்ச் என்னும் நிரலை 1985 இல் லாரி வால் எழுதினார். இந்த இரண்டும் சேர்ந்ததால் முழு நிரலையும் அனுப்ப வேண்டிய தேவை போயிற்று. மாறிய வரிகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.

ஆனால் முதல் பத்தாண்டுக்கு மேல் கெர்னலுக்கு முறையான பதிவேடு கிடையாது. மின்னஞ்சலில் வரும் ஒட்டுகளை டோர்வால்ட்ஸ் பார்ப்பார், பிடித்ததை ஒட்டுவார், சில வாரம் கழித்து அடுத்த பதிப்பை மொத்தமாக வெளியிடுவார். இரண்டு பதிப்புக்கு இடையில் என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏன் மாறியது, யாருடைய வேலை எது என்று அறிய பழைய மின்னஞ்சல்களைத் துழாவ வேண்டும். அனுப்பிய ஒட்டு ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, இல்லை பார்க்கப்படவே இல்லையா என்பதும் அனுப்பியவருக்குத் தெரியாது. 1998 இல் இதைப் பற்றிப் பெரிய சச்சரவு எழுந்தது. 2002 ஜனவரியில், விட்டுப்போகும் சிறு ஒட்டுகளைச் சேகரிக்கவே தனியாக ஓர் ஆளை வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது.

அடுத்த மாதமே டோர்வால்ட்ஸ் பிட்கீப்பர் என்னும் பதிவு மென்பொருளுக்கு மாறினார். இனி ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பதிவாகும். ஆனால் அது ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள். கெர்னல் எழுதுவோர் இலவசமாகப் பயன்படுத்த அந்த நிறுவனம் நிபந்தனையோடு இடம் கொடுத்திருந்தது. திறந்த மூல நிரலின் பதிவேடு மூடிய மென்பொருளுக்குள் இருக்கலாமா என்று அப்போதே பலர் முணுமுணுத்தார்கள்.

3. ஒரு வழக்கும் ஒரு கையெழுத்தும், 2003 முதல் 2005 வரை

2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. என்னும் அமெரிக்க நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. தனக்கு உரிமையுள்ள யூனிக்ஸ் சரக்கை ஐ.பி.எம். லினக்ஸுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. கேட்ட தொகை தொடக்கத்திலேயே 100 கோடி அமெரிக்க டாலர்.

எஸ்.சி.ஓ. வாதம் பின்னாளில் வலுவிழந்தது வேறு கதை. நமக்கு வேண்டியது அந்த வழக்கு கெர்னல்காரர்களைக் கேட்க வைத்த கேள்வி. "இந்த வரி எங்கிருந்து வந்தது?" இதற்கு உடனே பதில் சொல்ல ஏடு இருக்கிறதா?

2004 மே மாதம் டோர்வால்ட்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒட்டு எழுதியவர் தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் சைன்டு-ஆஃப்-பை என்னும் வரியில் எழுத வேண்டும். இதை நான் எழுதினேன், அல்லது கொடுக்க உரிமை உள்ள இடத்திலிருந்து பெற்றேன் என்று அதற்குப் பொருள். அந்த ஒட்டு அடுத்தவர் கைக்குப் போனால் அவரும் தம் வரியைக் கீழே சேர்ப்பார். ஆக, ஒட்டு எந்தெந்தக் கைகளைத் தாண்டி வந்தது என்பது அதன் அடியிலேயே வரிசையாக இருக்கும். நகைக்கடையில் பழைய சங்கிலியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், வாங்கும்போது எடையைச் சீட்டில் எழுதுவார்கள், திருப்பித் தரும்போதும் எழுதுவார்கள். இடையில் தங்கம் குறைந்தால் எந்தக் கையில் குறைந்தது என்று கேட்கலாம். இதுவும் அப்படித்தான்.

2005 ஏப்ரலில் பிட்கீப்பரின் இலவச அனுமதி திரும்பப் பெறப்பட்டது. டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட் என்னும் புதிய பதிவுக் கருவியை எழுதத் தொடங்கினார். கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 எழுத்து நீளமான ஓர் அடையாளம் உண்டு. மாற்றத்தின் உள்ளடக்கம், எழுதியவர், நேரம், விளக்கம், அதற்கு முந்தைய மாற்றத்தின் அடையாளம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு அந்த அடையாளம் உருவாகிறது. பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வந்த எல்லா அடையாளங்களும் மாறிவிடும். கள்ளத்தனமாக ஏட்டைத் திருத்த முடியாது.

இங்கே வரலாற்று மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கெர்னலின் கிட் ஏடு 2005 ஏப்ரல் 16 ஆம் தேதி, 2.6.12 பதிப்பின் முன்னோட்ட நிலையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாற்றங்களை டோர்வால்ட்ஸ் அதில் ஏற்றவில்லை. பழையவை வேறிடத்தில் இருந்தாலும், புதிய கருவியில் அப்போதைக்கு அவ்வளவு பாரம் வேண்டாம் என்று முடிவெடுத்தார். அதனால் இன்று கெர்னலில் ஒரு பழைய வரியை எடுத்து "இதை எழுதியவர் யார்?" என்று கிட்டிடம் கேட்டால், அந்த நாளைக் காட்டி நின்றுவிடும். ஆவணக் காப்பகத்தில் ஓர் ஆண்டுக்கு முந்தைய கோப்புகள் இல்லாமல் போவதைப் போல, இதுவும் சான்றின் எல்லை. ஏடு தொடங்கிய நாளையும் வரலாற்று ஆசிரியர் குறித்துவைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

4. டிஸ்ட்ரோவுக்குள் போன ஒட்டு: டெபியன், 2006 முதல் 2009 வரை

மூலக் கெர்னலின் ஏடு சீரானது. டிஸ்ட்ரோக்கள் தம் பங்குக்குப் போடும் ஒட்டுகளின் நிலை என்ன?

டிஸ்ட்ரோக்களில் வளர்ந்த நல்ல பழக்கம் இதுதான்: மூலத்தைத் தொடாமல் அப்படியே வைக்க வேண்டும். நம் ஒட்டுகளைத் தனித்தனிக் கோப்புகளாகப் பக்கத்தில் வைக்க வேண்டும். எந்த வரிசையில் ஒட்டுவது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். கெர்னல் பணியில் இருந்த ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதிய சிறு கருவிகளிலிருந்து வளர்ந்த குவில்ட் என்னும் மென்பொருள் இதைச் சுலபமாக்கியது. குவில்ட் என்றால் ஒட்டுத்துணிப் போர்வை. பொருத்தமான பெயர்தான்!

ஆனால் கோப்புகளைத் தனியே வைத்தால் மட்டும் போதுமா? 2008 மே 13 ஆம் தேதி டெபியன் வெளியிட்ட ஓர் எச்சரிக்கை இதற்குப் பதில் சொன்னது. இது கெர்னலில் நடந்ததல்ல, ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க மென்பொருளில் நடந்தது. டிஸ்ட்ரோ ஒட்டுகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை என்பதால் சொல்கிறேன்.

2006 செப்டம்பரில் டெபியன் தரப்பில், சோதனைக் கருவி ஒன்று குறை சொன்ன வரியை நீக்கி ஓர் ஒட்டுப் போட்டார்கள். அந்த வரிதான் ரகசியச் சாவி உருவாக்கத் தேவையான கணிக்க முடியாத எண்களைக் கலந்துகொடுத்தது. அதை நீக்கியதும் மிஞ்சியது செயல்முறை எண் மட்டும். விளைவு? கோடானுகோடி வாய்ப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வகைச் சாவிக்கு 32,768 வாய்ப்புகள்தான் இருந்தன. சாதாரணக் கணினியே எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். ஏறத்தாழ 20 மாதம் டெபியனிலும் அதைப் பின்பற்றிய உபுண்டுவிலும் உருவான சாவிகள் பலவீனமாக இருந்தன. உலகெங்கும் நிர்வாகிகள் சாவிகளை மாற்றினார்கள்.

ஒட்டுப் போட்டவர் மறைக்கவில்லை. மூல மென்பொருள் எழுதுவோரிடம் அதைப் பற்றிக் கேள்வியும் கேட்டிருந்தார்கள். ஆனால் ஒட்டு டெபியனோடு நின்றுவிட்டது. மூலத்தில் சேர்க்க முறையாக அனுப்பி, அந்த வரியை எழுதியவர்கள் பார்த்துச் சரி சொன்ன பதிவு இல்லை.

அடுத்த ஆண்டு, 2009 இல், டெபியனில் ஒட்டுக் கோப்பின் தலைப்பில் என்னென்ன எழுத வேண்டும் என்ற பரிந்துரை உருவானது. டெப்-3 என்று அதற்குப் பெயர். அதன் முக்கியமான கட்டங்களைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

விளக்கம்: இந்த ஒட்டு எதைச் சரிசெய்கிறது, ஏன் தேவை?
தோற்றுவாய்: மூலத்திலிருந்து எடுத்ததா, வேறு டிஸ்ட்ரோவிலிருந்தா, நாமே எழுதியதா?
பிழை எண்: எந்தப் பிழைப் புகாரோடு தொடர்புடையது?
அனுப்பப்பட்டதா: மூல ஆசிரியர்களுக்கு அனுப்பினோமா? இல்லையென்றால் ஏன்?
எழுதியவர்: பெயரும் மின்னஞ்சலும்.
கடைசியாகத் திருத்திய நாள்.

நான்காவது கட்டத்தைத் திரும்பப் படித்துப் பாருங்க. 2006 ஒட்டின் தலையில் இந்தக் கட்டம் இருந்திருந்தால் அது பிழையைத் தானாகத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பவர் எவரும் "இது இன்னும் மூலத்துக்குப் போகவில்லையே" என்று கேட்க ஓர் இடம் இருந்திருக்கும்.

5. ஒட்டுகளை ஒன்றாகக் கலந்த கதை: ரெட் ஹேட், 2010 முதல்

பதிவேடு அறிவுக்கு மட்டுமல்ல, வியாபாரத்துக்கும் மதிப்புள்ள பொருள் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி இது.

ரெட் ஹேட் நிறுவனம் தன் நிறுவனப் பதிப்பான ரெல் கெர்னலின் மூலத்தை முன்பு மேலே சொன்ன முறையில்தான் தந்தது: மூலக் கெர்னல் தனி, ஒட்டுகள் தனி. 2010 நவம்பரில் வெளிவந்த ரெல் 6 முதல் அது மாறியது. எல்லா ஒட்டுகளையும் போட்டு முடித்த கெர்னலை ஒரே கட்டாகத் தந்தார்கள். 2011 தொடக்கத்தில் இதைப் பிறர் கவனித்துக் கேள்வி எழுப்பினார்கள். போட்டி நிறுவனங்கள் ரெல் வாடிக்கையாளர்களை இழுக்கும் வேலையைக் கடினமாக்கவே இப்படிச் செய்ததாக ரெட் ஹேட் விளக்கியது.

உரிமத்தின்படி நிரல் முழுவதும் வெளியே கிடைத்தது. ஒரு வரியும் மறைக்கப்படவில்லை. மறைந்தது என்ன? எந்த வரி எந்த ஒட்டைச் சேர்ந்தது, எதற்காகப் போட்டது என்ற பிரிவு. பாடபேதக் குறிப்பை நீக்கிவிட்டு மூலத்தை மட்டும் அச்சிட்ட பதிப்பைப் போல. படிக்கலாம், ஆனால் சோதிப்பது கஷ்டம்.

2012 நவம்பரில் ஆரக்கிள் நிறுவனத்தின் கேஸ்பிளைஸ் அணி ரெட்பேட்ச் என்னும் ஏட்டை வெளியிட்டது. ரெட் ஹேட்டின் ஒரே கட்டைப் பிரித்து, மூலக் கெர்னலின் ஒட்டுகளோடு ஒப்பிட்டு, தனித்தனியாக மீட்டு எழுதிய பதிவேடு அது. ஓடும் கணினியை நிறுத்தாமலே கெர்னலுக்கு ஒட்டுப் போடுவது அந்த அணியின் தொழில். எந்த ஒட்டு எதற்கு என்று தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. எனவே தமக்கு வேண்டி மீட்டதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

இரு தரப்பின் நோக்கத்தையும் எடைபோட்டுப் பார்க்க மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. ரெட் ஹேட் கெர்னலுக்கு அதிகம் பங்களித்த நிறுவனங்களில் ஒன்று. அதன் ஒட்டுகளில் மிகப் பல மூலக் கெர்னலின் ஏட்டில் ஏற்கெனவே திறந்தே இருந்தன. ஆரக்கிளோ போட்டி நிறுவனம், ரெல்லை ஒட்டியே தன் லினக்ஸை விற்றது. யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பின்னாளில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் 9 கெர்னலை ரெட் ஹேட் தனித்தனி மாற்றங்கள் தெரியும் ஏடாகவே பொதுவில் வைத்தது. 2023 ஜூனில், ரெல் சார்ந்த மூலம் பொதுவில் கிடைக்கும் ஒரே இடம் இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்று அறிவித்து இன்னொரு விவாதத்தையும் கிளப்பியது.

6. பதினொரு ஆண்டு கழித்துப் பேசிய குறிப்பு

பதிவேடு பயன்பட்ட நிகழ்ச்சி ஒன்றையும் பார்ப்போம். 2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்று பெயர்பெற்ற கெர்னல் ஓட்டை வெளிப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் முழு நிர்வாகி அதிகாரத்தைப் பறித்துக்கொள்ள அது வழிவிட்டது. 2007 இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே அது இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் தப்பவில்லை.

அதை அடைத்த ஒட்டை எழுதியவர் டோர்வால்ட்ஸ்தான். ஒட்டின் விளக்கத்தில் அவர் சொன்னதன் சாரம்: இது மிகப் பழைய பிழை, பதினொரு ஆண்டுகளுக்கு முன் நானே சரிசெய்ய முயன்றேன், சரியாகச் செய்யவில்லை, ஐ.பி.எம். பெருங்கணினி வகை ஒன்றில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தமும் பிறகு நீக்கப்பட்டது. இதோடு பழைய ஒட்டின் அடையாளத்தையும், அதை நீக்கிய ஒட்டின் அடையாளத்தையும் எழுதிவைத்தார். இரண்டும் 2005 இல் நடந்தவை, ஆனால் கிட் ஏடு தொடங்கிய பிறகு நடந்தவை. அதனால் எவரும் போய்ப் பார்க்கலாம்.

தேர்வில் இதை ஒரு மூலச் சான்றாகக் கொடுத்தால் எப்படி எழுதுவீர்கள்? எழுதியவர் கெர்னலின் தலைமைப் பொறுப்பாளர், நேரடியாக ஈடுபட்டவர். தம் குறையைத் தாமே சொல்கிறார், எனவே பெருமைக்காக எழுதியது என்று தள்ள முடியாது. அவர் சொல்வதை 2005 இன் பதிவுகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். இவை நம்பகத்தன்மைக்கு ஆதரவு. மறுபக்கம், இந்த ஓட்டை வழியாக இடைப்பட்ட ஆண்டுகளில் யார் யார் தாக்கப்பட்டார்கள் என்பதை இந்தச் சான்று சொல்லவில்லை. அது பொறியாளர் பொறியாளருக்கு எழுதியது. பாதிக்கப்பட்டவர் கதைக்கு வேறு சான்று தேட வேண்டும். நம்பகம் வேறு, பயன்பாடு வேறு என்று பிரித்து எழுதினால் விடை வலுவாகும்.

2021 ஏப்ரலில் இன்னொரு சோதனை வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிழையுள்ள ஒட்டுகள் பரிசீலனையைத் தாண்டுமா என்று பார்க்க வேண்டுமென்றே சிலவற்றை அனுப்பியிருந்தது பெரும் சர்ச்சையானது. கெர்னல் பொறுப்பாளர்கள் அந்தப் பல்கலைக்கழக முகவரியிலிருந்து முன்னர் வந்த ஒட்டுகளைத் தேடியெடுத்து, 190 ஒட்டுகளைத் திரும்பப்பெறும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக மறுபடி பரிசீலித்தார்கள். பெரும்பாலானவை ஒழுங்கானவைதான். ஆனால் முகவரி பதிவாகியிருக்காவிட்டால் எங்கிருந்து தேடுவது?

7. சரி, சிங்கப்பூரில்?

சிங்கப்பூரில் கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் சிங்செர்ட் 1997 இல் தொடங்கியது. இப்போது அது 2015 ஏப்ரலில் அமைந்த இணையப் பாதுகாப்பு அமைப்பின் கீழ் இயங்குகிறது. புதிதாக அறிவிக்கப்பட்ட ஓட்டைகளின் பட்டியலை அது வாரந்தோறும் வெளியிடுகிறது. பட்டியலில் ஒவ்வொரு ஓட்டைக்கும் சி.வி.இ. எண் இருக்கும். 1999 இல் உலக அளவில் தொடங்கிய பொது எண் முறை அது. 2024 பிப்ரவரி முதல் கெர்னல் குழுவே தன் ஓட்டைகளுக்கு அந்த எண்ணைத் தருகிறது. ஓட்டை கண்டுபிடிக்கும் பக்கத்திலும் நம் ஊர் இருக்கிறது. 2022 மே மாதம் வான்கூவரில் நடந்த போட்டியில் சிங்கப்பூரின் சீ நிறுவனப் பாதுகாப்பு அணி உபுண்டுவில் இரண்டு பிழைகளைச் செய்துகாட்டி 40,000 அமெரிக்க டாலர் பரிசு பெற்றது.

ஆனால் பட்டியல் வருவது ஒன்று, அதன்படி ஒட்டுப் போட்டாயிற்றா என்று பார்ப்பது இன்னொன்று. 2018 ஜூலையில் சிங்ஹெல்த் தரவுத்திருட்டு அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் போயின. சுமார் 1,60,000 பேரின் மருந்துப் பதிவுகளும் போயின. அவர்களில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். 2019 ஜனவரி 10 ஆம் தேதி வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, தாக்கியவர்கள் கையாண்ட வழிகளை வரிசையாகச் சொன்னது. அதில் ஒன்று, ஒட்டுப் போடாத அவுட்லுக் மென்பொருள் இருந்த ஒரு பணிக் கணினி. அந்தத் தாக்குதல் கருவியைத் தடுக்கும் ஒட்டு அப்போதே கிடைத்தது. அந்தக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அது லினக்ஸ் அல்ல, விண்டோஸ் உலகம். ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கணினியில் எந்த ஒட்டு இருக்கிறது, எது இல்லை என்ற கணக்கு யாரிடம் இருந்தது? அதே மாதம் ஐ.எச்.ஐ.எஸ். நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்த இடத்தில் நம் வரலாற்றின் இரு முனைகளும் சேர்கின்றன. ஒரு முனையில் ஒட்டை எழுதுபவர் ஏன், எங்கிருந்து என்று குறிக்கிறார். மறு முனையில் மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஒருவர் அந்த ஒட்டு தம் கணினிகளில் ஏறியதா என்று குறிக்கிறார். முதல் குறிப்பு தெளிவில்லாமல் இருந்தால் இரண்டாமவருக்கு எது அவசரம் என்று தெரியாது. இரண்டாவது குறிப்பு இல்லாமல் போனால் முதலாமவர் உழைப்பு வீண். நடுவில் நிற்பது நோயாளியின் மருந்துச் சீட்டு, மாணவரின் கடவுச்சொல்.

8. வகுப்புக்கும் தேர்வுக்கும்

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்:

1985 – பேட்ச் நிரல்
1991 – லினக்ஸ் 0.01
2002 – பிட்கீப்பர் பதிவேடு
2003 – எஸ்.சி.ஓ. வழக்கு
2004 – சைன்டு-ஆஃப்-பை வழக்கம்
2005 – கிட் ஏடு தொடக்கம்
2008 – டெபியன் ஓப்பன்எஸ்எஸ்எல் எச்சரிக்கை
2009 – டெப்-3 பரிந்துரை
2012 – ரெட்பேட்ச்
2016 – டர்ட்டி கவ்
2018 – சிங்ஹெல்த் தரவுத்திருட்டு

ஆசிரியர்களுக்கு ஒரு செயல்பாடு: மாணவர் எழுதிய பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் டெப்-3 போல நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். நீக்கியது எது, சேர்த்தது எது, ஏன், யார் சொன்னதால்? இரண்டு வாரம் கழித்து வேறொரு மாணவரிடம் அந்தக் குறிப்பை மட்டும் கொடுத்து, திருத்தம் நியாயமா என்று சொல்லச் சொல்லுங்கள். குறிப்பு தெளிவாக இல்லாத இடத்தில் பிள்ளைகள் தாமாகவே தடுமாறி நிற்பார்கள். விளக்கம் அதிகம் தேவைப்படாது.

மாணவர்களுக்குப் பயிற்சி வினாக்கள்:

1. எஸ்.சி.ஓ. வழக்கு கெர்னல் பதிவு முறையை எவ்வாறு மாற்றியது? காரணமும் விளைவும் தெளிவாக எழுதுக.
2. "நிரல் முழுவதும் திறந்திருந்தால் பதிவேடு தேவையில்லை." ரெட் ஹேட், டெபியன் நிகழ்ச்சிகளைக் கொண்டு இக்கூற்றை மதிப்பிடுக.
3. கிட் ஏடு 2005 ஏப்ரலில் தொடங்குவது கெர்னல் வரலாறு எழுதுபவருக்கு என்ன வரம்பை உண்டாக்குகிறது?
4. பாடபேதக் குறிப்புக்கும் ஒட்டுக் கோப்புக்கும் உள்ள ஒற்றுமை இரண்டும் வேற்றுமை ஒன்றும் கூறுக.

இரண்டாம் வினாவுக்கு ஒரு குறிப்பு. ரெட் ஹேட் நிகழ்ச்சியில் திறந்த நிரல் இருந்தது, பிரிவு தெரியவில்லை. டெபியன் நிகழ்ச்சியில் ஒட்டே தெரிந்தது, ஆனால் மூல ஆசிரியர்கள் சரிபார்த்த பதிவு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனிப் பத்தியில் எழுதி, எது பெரிய ஆபத்து என்று உங்கள் முடிவைக் காரணத்தோடு சொன்னால் முழு மதிப்பெண்ணுக்கு வழி உண்டு.